சொதிக்குத் தொட்டுக்க வைன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்து நாலு வருஷம் லேத் பட்டறைகளில் குப்பை கொட்டியவன் என்ற முறையில், ‘சைட் டிஷ்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும். ஹோட்டலில் சப்பாத்தியோடு வரும் குருமா சைட் டிஷ் ஆகாது. அது குருமா. சம்பள நாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து, சைக்கிள் ஸ்டாண்டில் நாலு பேர் கூடி நின்று, ‘சைட் டிஷ் யார் வாங்கறது?’ என்று கேட்டுக் கொள்கிறார்களே, அதுதான் அசல். வேர்க்கடலை, மிக்சர், மாங்காய்க் கீற்று, அவித்த முட்டை, கையில் காசு இல்லாத நாளில் ஒரு ரூபாய் ஊறுகாய் பாக்கெட். அதாவது சரக்கு மாப்பிள்ளை. சாப்பாடு மாப்பிள்ளைத் தோழன்.

இந்த உறவுமுறையை அப்படியே தலைகீழாகப் பிடித்து வைத்திருக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. அந்த ஊரில்தான் நான் சம்பந்தம் பண்ணியிருக்கிறேன்.

ஊர் பேர் கோல்மார். பிரான்ஸின் கிழக்குக் கோடியில் அல்ஸாஸ் என்கிற பிரதேசம். படிக்கப் போன பையன் பக்கத்து ஸ்ட்ராஸ்பூர்கிலேயே வேலைக்குச் சேர்ந்தான். பிறகு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் பெண்ணைக் காட்டினான். (அந்தக் கதை தனி. இரண்டு மாதம் வீட்டில் வெறும் ரசம்தான்.)

அல்ஸாஸ்காரர்களைப் பற்றி ஒரு விஷயம் கேட்டதுமே எனக்கு அவர்களைப் பிடித்துப் போயிற்று. 1871ல் அந்தப் பிரதேசம் ஜெர்மனிக்குப் போனது. 1918ல் மறுபடி பிரான்ஸ். 1940ல் ஹிட்லர் வந்து பிடுங்கிக் கொண்டார். 1945ல் திரும்பவும் பிரான்ஸ். 1870ல் அங்கே பிறந்த ஒரு பாட்டி, வாசற்படியை விட்டு இறங்காமலே எழுபத்தைந்து வயசுக்குள் நாலு தரம் நாடு மாறியிருப்பாள். நம்ம அம்பத்தூரும் லேசுப்பட்டதா என்ன? செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தோம். 1997ல் திருவள்ளூர் மாவட்டம் என்றார்கள். 2011ல் சென்னை மாநகராட்சி. 2018ல் சென்னை மாவட்டம். சி.டி.ஹெச். ரோட்டில் நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன், அதே கொசுதான் கடிக்கிறது. சம்பந்தியிடம் இதைச் சொன்னபோது, அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆனால் அதற்கு முன்னால் அந்த பாட்டில் விவகாரம்.

2024 தை மாசம் திருவேற்காட்டில் அம்மன் சந்நிதியில் கல்யாணம். மறுநாள் மறுவீட்டு விருந்து. முறைப்படி அது பெண் வீட்டில் நடக்க வேண்டும். கோல்மாருக்கு வேன் வைத்து நாற்பது பேரை அழைத்துக் கொண்டு போக முடியாதென்பதால், எங்கள் வீட்டிலேயே வைத்துக் கொள்வதாக ஏற்பாடு. என் மனைவி திருநெல்வேலிக்காரி. மறுவீடு என்றால் அவள் ஊரில் சொதிதான். வேறு பேச்சே கிடையாது. ‘மாப்பிள்ளைச் சொதி’ என்றே பேர்.

பத்து நாள் முன்னால் பையன் போன் பண்ணினான். ‘‘அப்பா, மாமா ஒரு வைன் பாட்டில் எடுத்துட்டு வர்றார். விருந்துல வைக்கணும்னு ஆசைப்படறார். அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.’’

பக்குவமாகச் சொல்வதாவது! ஸ்பீக்கர் போனில் இருந்தது.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு முருங்கைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். அவள் நறுக்கின வேகத்தைப் பார்த்து நான் திண்ணைக்கு வந்துவிட்டேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். இந்த வீட்டுக்குள் பாட்டில் என்று வந்தது நல்லெண்ணெயும் பினாயிலும்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, ‘‘குடிப்பீங்களா?’’ இல்லை என்றேன். ‘‘இனிமேலும்?’’ என்றாள். இனிமேலும் இல்லை என்றேன். அத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

காரணம் அவள் அப்பா. நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். அதற்கப்புறம் சாராயக்கடை, பிறகு வீட்டுத் திண்ணை. எட்டு வயசுப் பெண்ணைக் கூப்பிட்டு, கையில் காசைக் கொடுத்து, ‘‘ஓடிப்போய் ஊறுகாய் வாங்கிட்டு வா’’ என்பாராம். இருட்டில் அந்தக் கடைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்களைத் தாண்டி, வாழை இலைத் துண்டில் ஊறுகாய் வாங்கி வர வேண்டும். நாலு வருஷம் போயிருக்கிறாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆவக்காய் உண்டு, நார்த்தங்காய் உண்டு, எல்லாம் அவள் கையால் போட்டது. கடை ஊறுகாய் மட்டும் உள்ளே வராது.

ராத்திரி மறுபடி பையன் கூப்பிட்டான். இந்தத் தடவை சரித்திரத்தைத் துணைக்கு அழைத்து வந்திருந்தான்.

‘‘அம்மா, இது ஒண்ணும் புதுசு இல்லம்மா. பாண்டிச்சேரி பக்கத்துல அரிக்கமேடு இருக்கே, 1945ல வெள்ளைக்காரர் வீலர் தோண்டினப்ப ரோமாபுரி வைன் ஜாடியோட சில்லெல்லாம் கிடைச்சுது. புறநானூத்துலயே இருக்கும்மா. யவனர் கப்பல்ல கொண்டு வந்த வாசனை மதுவை தினம் குடிச்சுட்டு சந்தோஷமா இருன்னு, நக்கீரரே பாண்டியன் நன்மாறனை வாழ்த்திப் பாடியிருக்கார்.’’

‘‘சரிதான்’’ என்றாள் இவள். ‘‘அந்தப் பாண்டியன் பொண்டாட்டி என்ன சொன்னான்னு நக்கீரர் எழுதி வச்சிருக்காரா?’’

எதிர்முனையில் சத்தமே இல்லை. இரண்டாயிரம் வருஷத் தமிழ் ஆராய்ச்சியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

‘‘வாரவங்களை நான் ஒண்ணும் சொல்லலை. கொண்டு வரட்டும், ஹோட்டல்ல வச்சுக் குடிக்கட்டும். பாட்டிலுக்காக மட்டும் நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன். ஊறுகாய் வாங்கினதெல்லாம் போதும்’’ என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெண் போனை வாங்கினாள். என் மருமகள். ஒரு வருஷமாகத் தமிழ் படிக்கிறாள். வினைச்சொல்லைக் கண்டால் இன்னும் பயம். ‘‘அத்தை, எங்க வீட்ல சாப்பாடு பெரிசு. வைன் சின்னது. வைன்... சாப்பாட்டுக்கு ஊறுகாய்’’ என்றாள்.

பையன் சொல்லிக் கொடுத்தானா என்று பிறகு விசாரித்தேன். இல்லையாம். தொட்டுக் கொள்வதற்கு அவளுக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை அது ஒன்றுதானாம்.

என் மனைவி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, ‘‘அப்படின்னா முதல்ல இலை போடணும். இலையில எல்லாம் விழுந்த பெறகுதான் அது வரணும். இலை எடுக்கும்போது அதுவும் போயிரணும். சம்மதமான்னு உங்கப்பாகிட்ட கேளு’’ என்றாள். அந்தப் பக்கம் பிரெஞ்சில் சலசலவென்று பேச்சு. ‘‘அப்பா சொல்றார், எங்க வீட்லயும் அதான் சட்டம்’’ என்று பதில் வந்தது.

சம்பந்தி வந்து இறங்கினார். ஆறடி, சிவப்பு முகம், மரவேலைக்காரர் கை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வரியில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டு வரலாம். அவர் கொண்டு வந்தது ஒரே ஒரு முக்கால் லிட்டர், நாலு பனியனுக்குள் சுற்றி. ஒல்லியாக, உயரமாக, புல்லாங்குழல் மாதிரி பாட்டில். அல்ஸாஸ் வைனுக்கு அதுதான் யூனிஃபார்ம். 1972 முதல் அதை அல்ஸாஸிலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பேர்தான் கொஞ்சம் சிரமம். கெவுர்ஸ்த்ராமினேர். என் மச்சான் மூன்று தரம் முயன்று, மூன்றாவது தரம் பல்செட்டைப் பிடித்துக் கொண்டார். அர்த்தம் ரொம்ப எளிமை. ‘கெவுர்ஸ்’ என்றால் ஜெர்மனில் மசாலா. த்ராமின் என்பது இன்றைக்கு இத்தாலிக்குள் இருக்கும் ஒரு கிராமம். ஆக ‘த்ராமின் ஊர் மசாலாக்காரி’. திராட்சையின் தோல் ரோஸ் கலரில் இருக்கும். ஆனால் நசுக்கின உடனே தோலை எடுத்துவிட்டுச் சாறை மட்டும் நொதிக்க விடுவதால், வைன் பொன் நிறமாக வருகிறது. அதனால் வெள்ளை வைன் கணக்கில் சேர்த்தி. சிவப்பு வைனைத் தோலோடு ஊற வைப்பார்கள். அதில் வாழைப்பூ மாதிரி ஒரு துவர்ப்பு ஏறும். அந்தத் துவர்ப்பும் நம்ம மிளகாயும் சந்தித்தால் நாக்கில் ரணகளம்தான். நம்ம சாப்பாட்டுக்கு வெள்ளைதான் தோது என்பதற்கு முதல் காரணம் இது.

மறுவீட்டு அன்று காலையில் சம்பந்தியைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனேன். பூவும் இலையும் வாங்க. பூவிருந்தவல்லி என்பதுதான் மருவிப் பூந்தமல்லி ஆனது என்பார்கள். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். இங்கிருந்து தினம் பூப்பறித்துக் காஞ்சிபுரம் வரதராஜருக்குக் கொண்டு போவாராம். இப்போது நந்தவனம் இருந்த இடமெல்லாம் லாரி. ஆனாலும் பூக்கடைக்குக் குறைச்சல் இல்லை. கடையில் பன்னீர் ரோஜா குவித்திருந்தது. சம்பந்தி ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். நடு ரோட்டில், ஷேர் ஆட்டோ ஹாரனுக்கு நடுவே, ‘‘கெவுர்ஸ்த்ராமினேர்!’’ என்று கத்தினார். பூக்காரம்மா அவர் ஏதோ தும்முகிறார் என்று நினைத்து நகர்ந்து கொண்டார்.

அவர் சொன்னது அத்தனையும் விஞ்ஞானம். ‘ரோஸ் ஆக்ஸைடு’ என்று ஒரு வாசனைப் பொருள் ரோஜாவில் இருக்கிறது. லிச்சிப் பழத்தில் இருக்கிறது. இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பன்னீர் தெளித்த மாதிரி வாசனை வருவது அதனால்தான். நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற ‘பன்னீர் திராட்சை’க்கும் அந்தப் பேர் சும்மா வரவில்லை. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தமிழ்நாட்டுக்கு 1832ல் கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று பதிவாகியிருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் மண்வாசனையில்கூட ஒரு ஒற்றுமை உண்டு. மேற்கே மலை நின்று மழையைப் பிடித்துக் கொள்ள, மலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு மிச்சம்தான். அங்கே வோஜ் மலை. பிரான்ஸிலேயே மழை குறைந்த ஊர்களில் கோல்மார் ஒன்று. இங்கே மேற்குத் தொடர்ச்சி மலை. என் மனைவியின் திருநெல்வேலி.

பகல் பன்னிரண்டரைக்கு இலை போட்டாயிற்று. அவள் இரண்டு நாளாகவே ஏதோ யோசனையில் இருந்தாள். சொதிக்குத் தேங்காய்ப்பால் மூன்று தரம் எடுத்தாள். மூன்றாம் பாலில் காய்கறி வேக வேண்டும். வேகவைத்த பாசிப்பருப்பு, அரைத்த இஞ்சி, பச்சை மிளகாய். கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதி வருவதற்கு முன்னால் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். ஒரு நிமிஷம் தப்பினால் பால் திரிந்துவிடும். கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு, உளுந்து வடை, அப்பளம். எங்கள் தெருக்காரர்களுக்காக வத்தக்குழம்பும் ரசமும் தனியாக.

ஃபிரிட்ஜிலிருந்து பாட்டில் வந்தது. பத்து டிகிரி இருந்தால் உத்தமம் என்றார் சம்பந்தி. மச்சான், ‘‘ஐஸ் போடலாமா?’’ என்று கேட்டார். பையன் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

கிளாஸில் இரண்டு விரல் ஊற்றினார். குடிக்கவில்லை. முதலில் அதை எடுத்துக் கொண்டு போய், பரிமாறிக் கொண்டிருந்த என் மனைவி முன்னால் நீட்டினார், வாசனை பார்க்கச் சொல்லி. கூடம் முழுக்க அமைதி. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவள் கரண்டியை வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக் கொண்டு, கிளாஸைத் தொடாமல் குனிந்து மோந்தாள்.

‘‘ரோசாப்பூ’’ என்றாள். பிறகு இன்னொரு தரம். ‘‘இஞ்சி மாதிரியும் இருக்கு. புளிப்பு வாசனையே இல்லியே.’’

சொல்லிவிட்டு நேராகப் போய் சம்பந்தி இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த வத்தக்குழம்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டாள். ‘‘இது அவருக்கு ஆகாது. சொதியை ஊத்துங்க.’’

ஒரு சொட்டு நாக்கில் படாமல் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். கெவுர்ஸ்த்ராமினேர் இயல்பிலேயே புளிப்புக் குறைந்த வைன். புளி போட்ட பதார்த்தத்தோடு சேர்த்தால் சப்பென்று போய்விடும். சம்பந்தி விடாப்பிடியாக வத்தக்குழம்பையும் ஒரு கை பார்த்தார். அதற்கப்புறம் ஒரு வாய் வைன். கார்ப்பரேஷன் குழாயில் முதலில் வரும் தண்ணீரைக் குடித்த முகம். மச்சான் ஆசையாக நீட்டிய மிளகாய்ப்பொடியில் ஒரு சிட்டிகை தொட்டதற்குக் காது சிவந்தது. அதற்கும் காரணம் உண்டு. மிளகாய்க் காரத்தை உணர்கிற அதே நரம்புமுனைகளை ஆல்கஹாலும் சீண்டும். நம்ம பிராந்தி மாதிரி 42.8 சதவீதம் இல்லைதான், ஆனால் வைனிலும் பதின்மூன்றரை இருந்தது. எரிகிற அடுப்பில் விசிறி போடுவதற்கு அது போதும். கடையில் மிளகாய் பஜ்ஜியோடு உட்காருகிறவர்கள் கண்ணில் தண்ணீர் வருவது சோகத்தால் மட்டும் இல்லை.

பிறகு சொதி. சாதத்தில் குழி பண்ணி ஊற்றி, இஞ்சிப் பச்சடியைத் தொட்டு ஒரு வாய். ஒரு மடக்கு வைன். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். ‘‘சம்பந்திக்கு மரியாதை. ஒரு வாய்’’ என்றாள். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் பெர்மிட்.

சொல்கிறேன். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் பட்டுத் துணி மாதிரி படிந்திருக்கிறது. வைனில் இருந்த துளி இனிப்பு, பச்சை மிளகாயின் காரத்தைத் தடவிக் கொடுக்கிறது. அதன் ரோஜாவுக்கு அடியில் மறைந்திருக்கும் இஞ்சி, சொதியில் இருக்கும் இஞ்சியைப் பார்த்து வெளியே வருகிறது. ஷாஃப்ட்டும் பேரிங்கும் சரியான அளவில் கடைந்தால், தட்டாமலே வழுக்கிக் கொண்டு உள்ளே போகும். அந்த மாதிரி. உளுந்து வடைக்கும் ரொம்பப் பொருத்தம், குறிப்பாக அதிலிருந்த மிளகுக்கு. பாயசத்தோடு மட்டும் கசந்தது. சாப்பிடுகிற இனிப்பைவிட வைனின் இனிப்பு குறைந்தால் அப்படித்தான் என்றார் சம்பந்தி. அவர்கள் ஊரில் இதை மன்ஸ்தேர் என்ற சீஸோடு, சீரகம் மாதிரி ஒரு விதையைத் தூவிச் சாப்பிடுவார்களாம். அந்த சீஸ் ஒரு துண்டும் கொண்டு வந்திருந்தார். டப்பாவைத் திறந்ததும் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

இலை எடுக்கும் நேரம் வந்தது. நாலு பேர் இலைக்குத்தான் அது போயிருந்தது. பாட்டிலில் பாதி இருந்தது. சம்பந்தி கார்க்கை எடுத்துத் திருப்பி அடைத்தார். கைகழுவப் போய்விட்டார்.

என் மனைவி அந்த பாட்டிலையே பார்த்துக் கொண்டு நின்றாள். அவர் மறந்துவிட்டாரோ, திரும்பி வருவாரோ என்று எதிர்பார்த்த மாதிரி. அவர் வரவில்லை. வெற்றிலையை எப்படி மடிப்பது என்று மச்சானிடம் பாடம் கேட்கப் போய்விட்டார்.

‘‘மிச்சம் வச்சுட்டாரே’’ என்றாள் மெதுவாக. ‘‘எங்கப்பா ஒரு நாளும் மிச்சம் வச்சதில்லை.’’

நான் என்ன சொல்வது? பாயசப் பாத்திரத்தைத் தூக்கிக் கொண்டு உள்ளே போனேன்.

ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, ‘‘ஏங்க, இதை நிக்க வைக்கணுமா, படுக்க வைக்கணுமா?’’ என்று கேட்டாள். திறந்ததை நிற்க வைத்தால் மூன்று நாள் தாங்கும் என்று சம்பந்தி சொன்னதைச் சொன்னேன். ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். கதவைச் சாத்தப் போனவள், மறுபடி திறந்து, லேபிள் உள்பக்கமாக இருக்கும்படி திருப்பி வைத்தாள். காலையில் எதிர்வீட்டு அக்கா மாவு கேட்டு வருவாள்.